அலாஸ்கா வழி எப்படி இருக்கிறது?

சாலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் கிடைப்பவை இரண்டே விடைகள்தான்: நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது. காரில் போகிறவருக்கு இது போதும். வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது எதற்கும் உதவாது.

வட அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்லப்படுவது இந்த வகை வண்டிதான். கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரும். அங்கே ஓய்வுபெற்ற தம்பதியரும் கோடை விடுமுறைக் குடும்பங்களும் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் அடங்கிய மோட்டார்ஹோமை ஓட்டிக்கொண்டோ, அப்படிப்பட்ட டிரெய்லரை பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துக்கொண்டோ வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தென் மாநிலங்களிலிருந்து கனடா வழியாக அலாஸ்கா போய்வருவது ஒரு வாழ்நாள் ஆசை. அந்தப் பயணத்துக்குத் திட்டமிட உட்கார்ந்தவுடன் எழும் முதல் கேள்வியும் கடைசிவரை தீராத கேள்வியும் ஒன்றே: சாலையின் மேற்பரப்பு எந்த நிலையில் இருக்கும், அதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

தகவலுக்குப் பஞ்சமில்லை. அரசின் அளவீடுகள், வழிகாட்டி நூல்கள், தொலைபேசிச் சேவைகள், வரைபடங்கள், போய்வந்தவர் வாய்மொழி என்று குவிந்து கிடக்கிறது. சிக்கல் என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பயணிக்காகத் திரட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் வேறொருவர் வேறொரு தேவைக்காக, வேறொரு வண்டியில், வேறொரு பருவத்தில் எடுத்தது. யார் பார்த்தார், எப்போது பார்த்தார், எதில் போனார் என்ற மூன்றும் தெரியாத சாலைச் செய்தி வெறும் வதந்தி என்பது என் கருத்து.

வண்டியிலிருந்தே தொடங்கலாம். ஒரு சாதாரண காரின் நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய அதன் நான்கு மூலைகளில் இருக்கின்றன. மோட்டார்ஹோம் அப்படியல்ல. பின் அச்சுக்குப் பின்னால் உடல் இரண்டு மூன்று மீட்டர் நீண்டு நிற்கும். பெரும்பாலும் படுக்கையறை அங்கேதான். பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஓட்டுநர் உணர்வதைவிடப் பின்கோடி பல மடங்கு எம்பி விழும். டிரெய்லரில் கதை வேறு: அச்சு நடுவில், பட்டை ஸ்பிரிங் விறைப்பானது, அதிர்வைத் தணிக்கும் அப்சார்பர் பல மாடல்களில் கிடையாது. டிரக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாமலேயே பின்னால் அலமாரிக் கதவுகள் திறந்து தட்டுகள் தரையில் கிடக்கும். உள்கட்டுமானமோ மெல்லிய மரச்சட்டமும் ஸ்டேப்பிள் ஆணியும். தண்ணீர்க் குழாய் இணைப்பு தளர்வது, குளிர்பெட்டிக் கதவின் கீல் உடைவது, ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கி வெடிப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே அடியில் நிகழ்வதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சிறு அதிர்வு சேர்ந்து செய்யும் வேலை அது.

வேகமும் சேர்ந்துகொள்ளும். பழைய கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் பலகங்களுக்கு இடையே சீரான தூரத்தில் இணைப்புகள் இருக்கும். 18 மீட்டருக்கு ஓர் இணைப்பு இருக்கும் சாலையில் மணிக்கு 105 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஒன்றரை முறைக்குச் சற்று மேல் ஒரு தட்டு விழும். கனமான வண்டியின் உடல் ஸ்பிரிங்கின்மேல் இயல்பாக ஊசலாடும் வேகமும் ஏறக்குறைய அதுவே. இரண்டும் ஒத்துப்போனால் ஒவ்வொரு தட்டும் முந்தைய ஊசலைப் பெரிதாக்கும். டிரக்கும் டிரெய்லரும் மாறிமாறித் தலையாட்டத் தொடங்கும். வேகத்தைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் குறைத்தால் அதே சாலை திடீரென்று அடங்கிவிடும். ஆகவே ஒருவர் ‘பயங்கரம்’ என்பதும் இன்னொருவர் ‘ஒன்றுமில்லை’ என்பதும் ஒரே சாலையின் ஒரே நாளைப் பற்றியதாக இருக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பொறியாளர்கள் முயலாமல் இல்லை. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சாலை எப்படித் தேய்கிறது என்று பார்ப்பதற்காகவே வளையச் சாலைகள் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை இரவும் பகலுமாக ஓட்டினார்கள். ஆஷோ சாலைச் சோதனை என்று அதற்குப் பெயர். அச்சின் எடை இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்ற புகழ்பெற்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒரு சாலை நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க அவர்கள் முதலில் கருவியைத் தேடவில்லை. ஒரு குழுவைக் காரில் ஏற்றிப் பல சாலைகளில் ஓட்டவைத்து, சுழியத்திலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண்ணை வெடிப்பு, ஒட்டு, தடம், கரடுமுரடு ஆகிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, உட்கார்ந்திருப்பவரின் தீர்ப்பைப் பெரும்பாலும் முடிவுசெய்தது கரடுமுரடுதான் என்று தெரிந்தது. அதாவது சாலைத் தர அளவீட்டின் வேரிலேயே காரின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் இருக்கிறார்.

அடுத்த பெரிய அடி 1982இல் பிரேசில் தலைநகர் பிரேசிலியாவில் எடுத்துவைக்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கருவியால் அளந்துகொண்டிருந்ததை ஒரே அளவுக்குள் கொண்டுவர உலக வங்கியின் ஆதரவோடு நடந்த பரிசோதனையின் விளைவாக அனைத்துலகக் கரடுமுரடுக் குறியீடு பிறந்தது, ஐ.ஆர்.ஐ. என்று சுருக்குவார்கள். அது கணக்கிடப்படும் விதம் விநோதமானது. சாலையின் மேடு பள்ளத்தை முதலில் துல்லியமாகப் பதிவுசெய்துகொள்கிறார்கள். பிறகு ஒரு சக்கரமும் ஒரு ஸ்பிரிங்கும் ஓர் அப்சார்பரும் மட்டுமே உள்ள ‘கால் கார்’ ஒன்றை, கணினிக் கணக்கில், அந்தப் பதிவின்மேல் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓட்டுகிறார்கள். அதன் ஸ்பிரிங் மேலும் கீழுமாக அசைந்த மொத்தத் தூரத்தைப் பயணத் தூரத்தால் வகுத்தால் குறியீடு வந்துவிடும். அமெரிக்காவில் இதை மைலுக்கு இத்தனை அங்குலம் என்பார்கள். 95க்குக் கீழே நல்ல சாலை, 170க்கு மேலே மோசம், இடையில் இருப்பது சுமார் என்பது கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறையின் வரையறை.

மாநிலங்கள் ஆண்டுதோறும் இந்த எண்களை மத்திய அரசுக்கு அனுப்புகின்றன. அவை பொதுமக்கள் பார்வைக்கும் கிடைக்கின்றன. பல மாநில நெடுஞ்சாலைத் துறைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிட்ட வரைபடமாகவே வைத்திருக்கின்றன. பயணத் திட்டமிடுவோர் பெரும்பாலானோர் இதைத் தொடுவதேயில்லை. இது வீணான தவிர்ப்பு. மாநில எல்லையைத் தாண்டியதும் சாலை ஏன் மாறுகிறது, இணையாக ஓடும் இரண்டு நெடுஞ்சாலைகளில் எதைத் தேர்வது என்பதற்கு இதைவிடச் சார்பற்ற சாட்சி கிடையாது. சுற்றுலாத் துறைச் சிற்றேடு எந்தச் சாலையையும் மோசம் என்று சொல்லாது.

ஆனால் அதன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். அளவிடப்படுவது ஒரு காரின் கால் பங்கு. பத்து மீட்டர் நீளமுள்ள வீடு அல்ல. எண் ஒரு நீளத்துக்கான சராசரி. முந்நூறு மீட்டர் வழவழப்பான சாலையில் நடுவே ஒரே ஒரு கொடும்பள்ளம் இருந்தால் சராசரி அதை விழுங்கிவிடும். அச்சை உடைப்பதோ அந்த ஒரு பள்ளம். அளந்ததற்கும் நீங்கள் போவதற்கும் இடையே ஒரு குளிர்காலமாவது கடந்திருக்கும். முறையான அளவீடு முக்கியமாகப் பெருவழிகளுக்கே நடக்கிறது. முகாம் மைதானத்துக்குப் பிரியும் கடைசி சில கிலோமீட்டர் பட்டியலில் இராது. இந்த எண்கள் எதற்காக என்று கேட்டால் எல்லாம் விளங்கிவிடும்: எந்தச் சாலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவுசெய்வதற்காக. ஒரு மாநிலத்தின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைப் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் மோசமாக இருக்கக்கூடாது, மீறினால் மத்திய நிதியின் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கே ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அலாஸ்காவுக்கு மட்டும் அந்த வரம்பு 10 சதவீதம். அங்கே மண்ணே வேறு என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. கனடா எல்லையிலிருந்து டோக் வழியாக ஆங்கரேஜ் போகும் வழி ஏட்டில் ஓர் இன்டர்ஸ்டேட் என்பது பலருக்குத் தெரியாது. பலகை எதுவும் அப்படிச் சொல்வதில்லை, ஓட்டிப் பார்த்தாலும் நம்ப முடியாது.

அந்த மண்ணைப் புரிந்துகொள்ளாமல் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பற்றி எந்தத் தகவலையும் எடைபோட முடியாது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபின், அலாஸ்காவுக்குத் தரைவழி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் அவசரப்பட்டது. 1942 மார்ச்சில் தொடங்கிய வேலை அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று க்ளுவானே ஏரிக்கரையில் நடந்த திறப்பு விழாவோடு முதல் கட்டத்தை முடித்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ராணுவத்தினர் உழைத்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், அன்றைய நிறப் பாகுபாட்டின்படி தனிப் படைப்பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். காட்டை வெட்டி, மேலே மெத்தைபோல் கிடந்த பாசியையும் மட்கையும் வழித்தெடுத்துவிட்டுச் சாலை போட்டார்கள். மற்ற இடங்களில் அதுதான் முறை. இங்கே அந்த மெத்தைதான் அடியில் இருந்த பனியைக் காத்துவந்தது. ஆண்டு முழுதும் உருகாமல் கிடக்கும் இந்த மண்ணைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். அதில் சில இடங்களில் மண்ணைவிடப் பனிக்கட்டியே அதிகம். போர்வையை நீக்கியதும் வெயில் பட்டு அது உருகியது, சாலை சேறாகி இயந்திரங்கள் மூழ்கின. பிறகுதான் பாசியைத் தொடாமல், மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் மண் கொட்டக் கற்றுக்கொண்டார்கள்.

பொதுமக்களுக்கு 1948இல் திறந்துவிடப்பட்ட அந்தச் சாலை இன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் க்ரீக்கிலிருந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை ஏறக்குறைய 2,230 கிலோமீட்டர். முழுதும் தளம் போட்டாகிவிட்டது. இந்த வாக்கியத்தைத்தான் பல சிற்றேடுகள் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. தளம் என்றால் எந்தத் தளம்? கனடாவின் யூகான் பிரதேசத்தில் பெரும்பகுதி நாம் நினைக்கும் தார்க்கலவைத் தளம் அல்ல. தாரைத் தெளித்து, அதன்மேல் சில்லு ஜல்லியைப் பரப்பி, உருளையால் அழுத்திய மெல்லிய பூச்சு. மண் அசையும் இடத்தில் கெட்டித் தளம் போட்டாலும் உடையத்தான் போகிறது என்பதால், மலிவாகப் போட்டு அடிக்கடி ஒட்டுப்போடுவது அங்கே அறிவுள்ள முடிவு. பயணிக்கு இதன் விளைவு இரண்டு. புதிதாகப் பூசிய இடத்தில் உதிரிச் சில்லு எதிர்வண்டியின் சக்கரத்திலிருந்து தெறித்து முன் கண்ணாடியைப் பதம் பார்க்கும். பழுதுபார்க்கத் தோண்டிய இடங்கள் எச்சரிக்கை அதிகமில்லாமல் சில நூறு மீட்டர் ஜல்லியாக வந்து போகும்.

க்ளுவானே ஏரியின் ஓரத்தில் இருக்கும் டெஸ்ட்ரக்‌ஷன் பே என்ற சிற்றூரிலிருந்து எல்லைக்கு அருகே உள்ள பீவர் க்ரீக் வரை இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலாஸ்கா போனவர் யாரைக் கேட்டாலும் முகம் சுளிப்பது இந்தத் துண்டுக்காகத்தான். ‘உறைமேடு’ என்று எல்லாரும் அங்கே சாலைப் பரப்பில் எழும் அலைபோன்ற மேடுபள்ளங்களைச் சொல்கிறார்கள். உண்மையில் இரண்டு வேறு வேலைகள் அங்கே நடக்கின்றன. மென்மணலும் வண்டலும் கலந்த மண்ணில் குளிர்காலத்தில் ஈரம் மேலேறி, உறையும் மட்டத்தில் பனித்தகடாகத் திரண்டு, சாலையைத் தூக்குவது ஒன்று. வசந்தத்தில் அது அடங்கும். அடியிலுள்ள பெர்மாஃப்ராஸ்ட் உருகி, மேலிருக்கும் சாலை அமிழ்வது மற்றொன்று. அது அடங்காது, ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகும். இந்தத் துண்டின் பெருங்குழிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

சாலையே தன்னைக் கெடுத்துக்கொள்கிறது என்பதுதான் விசித்திரம். கறுத்த மேற்பரப்பு கோடை வெயிலை வாங்கி அடியில் இறக்குகிறது. குளிர்காலத்தில் நடுச்சாலைப் பனியைத் தள்ளி ஓரத்தில் குவிக்கிறார்கள். அந்தப் பனி கம்பளமாக இருந்து சரிவின் அடிமண்ணைக் குளிரவிடாமல் காக்கிறது. நடு இறுகியிருக்க, ஓரம் இளகிச் சாய்கிறது. நீளவாக்கில் வெடிப்பு விடுகிறது. கனமான வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: அங்கே நம்பக்கூடாதது நடுச்சாலையைவிட ஓரமண். காற்று புகும் பெருங்கல் கரை, பனி விழாமல் தடுக்கும் கூரை என்று வெவ்வேறு உபாயங்களை அருகருகே போட்டுப் பார்க்க 2008இல் பீவர் க்ரீக் அருகே ஒரு சோதனைத் துண்டு அமைத்தார்கள். இப்படிப்பட்ட உபாயங்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிக்கும் செலவு பெரியது. இன்னொரு அரசியல் சிக்கலும் உண்டு: சாலையின் இந்தப் பகுதி கனடாவில் கிடக்கிறது, பயன் பெரும்பாலும் அலாஸ்கா போகும் அமெரிக்கருக்கு. 1977இல் இரு நாடுகளும் ஷாக்வாக் உடன்படிக்கை செய்து, அமெரிக்கப் பணத்தில் கனடா அந்த வழியைப் புதுப்பிக்க ஏற்பாடானது அதனால்தான்.

இத்தனையும் பயணத் திட்டத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். ‘போன ஆண்டு சாலையைச் சரிசெய்துவிட்டார்கள்’ என்ற செய்தியை இந்தத் துண்டைப் பொறுத்தவரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதுதான் விடை. உருகும் மண்ணின்மேல் போட்ட ஒட்டு அதிகநாள் தாங்காது. அதே செய்தி உறைமண் இல்லாத கெட்டியான தரையைப் பற்றியதாக இருந்தால் தாராளமாக நம்பலாம். இடத்தின் மண்ணைத் தெரிந்துகொண்டால் தகவலுக்கு எத்தனை மாதம் ஆயுள் என்று கணிக்க முடியும்.

ஜல்லிச் சாலைகளில் அந்த ஆயுள் நாள்கணக்கு. டாசன் நகருக்கு அருகிலிருந்து வடமுனை வட்டத்தைத் தாண்டி இனுவிக் வரை 740 கிலோமீட்டர் நீளும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை 1979இல் திறக்கப்பட்டது. உறைமண் உருகாதிருக்கச் சாலையையே ஒன்று முதல் இரண்டரை மீட்டர் வரை தடித்த ஜல்லி மேடாகக் கட்டியிருக்கிறார்கள். சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் இயந்திரம் வழித்துவிட்டுப் போன மறுநாள் அது பல தார்ச்சாலைகளைவிட மேல். ஒருநாள் மழைக்குப்பின் சேற்றில் வழுக்கும். நீண்ட வெயிலுக்குப்பின் குறுக்கே வரிவரியாகத் திரைந்து பல்லைக் கிட்டவைக்கும். சில துண்டுகளில் கூரான பாறைச் சில்லு டயரைக் கிழிக்கும். நால்வர் நான்கு விதமாகச் சொன்னால் நால்வரும் போன தேதியைக் கேளுங்கள்.

அந்தக் குறுக்கு வரிகளுக்குக் காரணம் கெட்ட ஸ்பிரிங் உள்ள லாரிகள் என்றும், ஒரே சீராக வேகமாய்ப் போகும் கார்கள் என்றும் ஆளாளுக்குப் பழி போடுவார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஸ்டீபன் மோரிஸ் சக ஆய்வாளர்களோடு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்துவைத்தது. வட்டமாகச் சுழலும் மணற்படுகையின்மேல் ஒரு சாதாரணச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும் வரிகள் எழுந்தன. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் எந்தச் சக்கரம் உருண்டாலும் வரி உண்டாகும். உண்மைச் சாலையில் அந்த வேகம் மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தை ஒட்டியது. அதற்குக் கீழே யாரும் வண்டி ஓட்டப்போவதில்லை. ஆக, கிரேடர் எப்போது வந்தது என்பது மட்டுமே ஜல்லிச் சாலையைப் பற்றிக் கேட்கத் தகுந்த முதல் கேள்வி. சிலர் வேகமாகப் போனால் சக்கரம் வரியின் உச்சிகளில் மட்டும் தொட்டுப் பறந்துவிடும் என்பார்கள். ஜீப்புக்கு அது ஓரளவு உண்மை. பிடிமானமும் பிரேக்கும் பாதி போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து டன் வீட்டுக்கு அந்த யோசனையே வேண்டாம்.

சாலையின் பழைய கதையும் சிலவேளை டயரைக் காப்பாற்றும். அலாஸ்காவின் ரேங்கல் மலைகளுக்குள் சிட்டினாவிலிருந்து மெக்கார்த்தி போகும் சுமார் 60 மைல் மண்சாலை, கெனிக்காட் செப்புச் சுரங்கத்துக்காக ஓடி 1938இல் நின்றுபோன ரயில் பாதையின்மேல் போட்டது. தண்டவாளத்தைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் இன்னும் மண்ணிலிருந்து தலைநீட்டுகின்றன. எந்தக் கரடுமுரடுக் குறியீட்டிலும் இந்தச் செய்தி கிடைக்காது. ஊர் வரலாறு தெரிந்தவரிடம் கிடைக்கும்.

இப்போது மற்ற ஊற்றுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். வடக்கு வழிக்கு ‘தி மைல்போஸ்ட்’ என்ற நூல் 1949 முதல் வெளிவருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அந்தத் தடித்த புத்தகத்தில், ஒவ்வொரு மைலுக்கும் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும்: இறக்கம், திருப்பம், பெட்ரோல், கரடி அடிக்கடி தென்படும் இடம், அலை எழும் துண்டு. நேரில் ஓட்டிப் பார்ப்பவர்கள் எழுதுவது அதன் பலம். அச்சேறும் தேதி அதன் பலவீனம். இந்தக் கோடையின் நிலையை அது சொல்ல முடியாது, முந்தைய கோடையைத்தான் சொல்லும். உறைமண் துண்டுகள் இடம் மாறுவதில்லை என்பதால், ‘எங்கே’ என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

‘இன்று’ என்பதற்கு 511. அமெரிக்காவில் பயணத் தகவலுக்கென இந்த மூன்றிலக்க எண் 2000இல் ஒதுக்கப்பட்டது. அலாஸ்கா, யூகான் இரண்டும் இதே பெயரில் சேவை நடத்துகின்றன, பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதன் பெயர் டிரைவ் பிசி. வெள்ளம், காட்டுத் தீ, மண்சரிவு, பாலப் பணி, படகு நிறுத்தம் ஆகியவற்றை அன்றன்றே சொல்வார்கள். சாலை குலுக்குமா என்பதை அவர்கள் சொல்வது அரிது, ஏனெனில் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் அவர்கள் பொறுப்பு. ‘தடையில்லை’ என்று வந்தால் வழவழப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

வரைபடங்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கவனிக்கத் தக்கது. தொண்டர்கள் வரையும் அந்த வரைபடத்தில் தார், கான்கிரீட், ஜல்லி, மண் என்று மேற்பரப்பைக் குறிக்க ஒரு சீட்டும், வழவழப்பைக் குறிக்க இன்னொன்றும் உண்டு. வழவழப்புச் சீட்டின் படிகள் சுவையானவை: உருளைச் சக்கரக் காலணியில் போகலாம் என்பது உச்சம், பந்தய சைக்கிள், சாதாரண கார், உயரமான ஜீப் என்று இறங்கி, எந்தச் சக்கரமும் போகாது என்பதில் முடியும். சக்கரத்தை வைத்து அளக்கும் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. குறை என்னவென்றால் ஆள் குறைந்த வடக்கில் பல சாலைகளுக்கு அந்தச் சீட்டே ஒட்டப்படவில்லை. கூகுளின் தெருக்காட்சியில் படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பதில் பயனில்லை. செயற்கைக்கோள் படம் தாரா மண்ணா என்று காட்டும், மேட்டையும் பள்ளத்தையும் காட்டாது. சாலை அகலத்தையும் வண்டியைத் திருப்ப இடம் உண்டா என்பதையும் அதில் கண்டுகொள்ளலாம். பெரிய வண்டிக்காரருக்கு இது சிறிய லாபமல்ல.

கைபேசியின் அசைவுணரியால் சாலையைத் தானாக அளக்கும் முயற்சி பாஸ்டன் நகரில் 2012இல் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்ற செயலியோடு பேசப்பட்டது. சாக்கடை மூடியும் ரயில்வே கடவையும்கூடப் பள்ளமாகப் பதிவாயின. கைபேசி அதிகமுள்ள வசதியான பகுதிகளின் குழிகளே அதிகம் தெரிந்தன. ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களுக்கு இந்த வழி எவ்வளவு உதவும் என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை. யூகானில் பல இடங்களில் கைபேசிக்கு அலையே கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பழையதும், சரியாகப் பயன்படுத்தினால் சிறந்ததுமான ஊற்று, எதிர்த்திசையிலிருந்து இன்று மாலை வந்து பக்கத்து இடத்தில் வண்டியை நிறுத்துபவர். நாம் நாளை போகும் சாலையில் அவர் இன்று வந்திருக்கிறார். ‘சாலை எப்படி?’ என்று மட்டும் கேட்டால் வீரக்கதையோ புலம்பலோ வரும். எந்த வேகத்தில் வந்தீர்கள், எங்கே வேகத்தைக் குறைத்தீர்கள், உள்ளே ஏதாவது விழுந்ததா, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டால் கணக்கு வரும். அவருடையது நம்முடையது போன்ற வண்டிதானா என்பதைக் கேட்கவே வேண்டாம், கண்ணெதிரே நிற்கிறது. லாரி ஓட்டுநர்கள் சாலையை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் காற்று ஸ்பிரிங்கில் நாற்பது டன்னோடு போகிறவருக்கு உறுத்தாதது டிரெய்லரை உலுக்கிவிடும். மோட்டார் சைக்கிள்காரர் குழியைச் சுற்றிப் போய்விடுவார். அவர் சொல்வதில் சேற்றைப் பற்றியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையையும் சேர்த்தால் திட்டம் எப்படி மாறுகிறது? போகலாமா கூடாதா என்ற கேள்வி பெரும்பாலும் மறைந்து, எத்தனை மணி நேரம் என்ற கேள்வியாகிறது. மேலே சொன்ன இருநூறு கிலோமீட்டர் துண்டை வரைபடம் மணிக்கு 90 என்று எண்ணி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று காட்டும். வீட்டு வண்டிக்கு அது 50. நான்கு மணி நேரம் என்று எழுதிக்கொண்டால் பிழையில்லை. யூகானின் ஓயிட்ஹார்ஸ் நகரிலிருந்து எல்லைக்கு அப்பால் உள்ள டோக் வரை ஏறக்குறைய 620 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள்தான் மாலைக் களைப்பில், எல்லையை நெருங்கும் அவசரத்தில், சாலையோரத்தில் நட்டிருக்கும் சிறு கொடியைக் கவனிக்காமல் அலையில் விழுகிறார்கள். அங்கே பராமரிப்புப் பணியாளர்கள் மோசமான இடங்களுக்கு முன் சிறு கொடிகளை நட்டுவைப்பார்கள். கிடைக்கும் சாலைத் தகவல்களிலேயே புத்தம் புதியது அந்தக் கொடிதான். நடுவில் ஓரிரவு தங்கினால் அந்தத் துண்டைக் காலை வெளிச்சத்தில், தெளிந்த தலையோடு கடக்கலாம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்வது, டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது, அலமாரிகளைக் கட்டுவது எல்லாம் முந்தைய இரவின் வேலை.

வாடகைக்கு வண்டி எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆவணம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கையெழுத்திடும்போதுகூடப் படிப்பதில்லை. வடக்கில் வாடகை ஒப்பந்தங்கள் பல, எந்தெந்தச் சாலையில் வண்டி போகக்கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும். டெம்ப்ஸ்டர், டால்ட்டன், மெக்கார்த்தி சாலை, டெனாலி நெடுஞ்சாலை என்று அந்தப் பட்டியல் போகும். உடைந்த வண்டிகளின் பில்களைக் கட்டியவர்கள் தயாரித்த பட்டியல் என்பதால், வீட்டு வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சாலைத் தர அறிக்கை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். சொந்த வண்டி வைத்திருப்பவரும் ஒரு பிரதி வாங்கிப் படிக்கலாம். தடைசெய்த சாலையில் வண்டி நின்றுவிட்டால் காப்பீடு செல்லாது. இழுவைச் செலவு முழுதும் எடுத்தவர் தலையில். டெம்ப்ஸ்டரின் நடுவில் பெரிய வண்டியை இழுக்கும் லாரி வந்துசேரவே ஒரு நாள் பிடிக்கலாம், திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே கட்டணம்.